நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இல்லை

கப்பல் இருந்திருந்தால் கப்பலிலேயே போயிருப்பேன். தாத்தா காலத்தில் ‘ரஜூலா’ இருந்தது. 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. பிறகு ‘சிதம்பரம்’ வந்தது. 1985இல் அது கடலில் தீப்பிடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் பயணமே நின்றுபோனது. இவ்வளவும் தெரிந்தும், விமானத்தை விடக் கப்பல்தான் எனக்குப் பத்திரமாகத் தோன்றுகிறது. பயம் கணக்குப் பார்த்தா வருகிறது?

தாத்தா கப்பல் ஏறிய ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. அவருக்கு வயது 68. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் பறக்க வேண்டும். டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

விஷயம் தெரிந்து சின்னம்மா வந்தார், கையில் ஒரு மாத்திரை அட்டையோடு. சித்தப்பா தவறிய பிறகு அவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. “ஏறுறதுக்கு முன்னாடி ஒன்னு போட்டுக்கோ ஐயா. திருச்சியிலதான் கண்ணு முழிப்ப. ஒன்னும் ஆகாது லா.”

நம் வீடுகளில் மாத்திரையும் ஊறுகாய் மாதிரிதான். முட்டி வலிக்கு ஒருத்தருடையது, இருமலுக்கு இன்னொருத்தருடையது என்று கை மாறும். பாசத்தில் தருவதால் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

டயசெபாம். டாக்டர் பெயரைப் படித்துவிட்டு என் பயத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார், சிரிக்கவில்லை. பிறகு விளக்கினார். அந்த அளவு சின்னம்மாவின் உடம்புக்குப் பார்த்து எழுதியது. சிலருக்கு அமைதிக்குப் பதிலாகப் படபடப்பும் கோபமும் வரும். மதுவோ வேறு தூக்க மருந்தோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். அசையாமல் மணிக்கணக்கில் தூங்கினால் காலில் இரத்தம் உறையலாம். மயக்கம் மறுநாள் வரைகூட நீளும். போதாததற்கு, இந்த வகை மருந்துகளுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் உண்டு. சிங்கப்பூருக்குள் கொண்டுபோக, சொந்தப் பெயரில் மருந்துச் சீட்டு இருந்தாலும் சிலவற்றுக்கு முன் அனுமதி வேண்டும்.

கடைசியாக, “கூட யார் வர்றாங்க?” என்று கேட்டார். அம்மா இன்சுலின் போடுகிறவர். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். பக்கத்தில் நான் மயங்கிக் கிடந்தால் அவரை யார் பார்ப்பது? அட்டையைச் சின்னம்மாவிடமே கொடுத்தேன். அவருக்குத்தானே அது தேவை.

வானொலியில் பேசிப் பிழைக்கிறவன் நான். பயம்கூட எனக்குக் காது வழியாகத்தான் வரும். அதனால் சத்தங்களைப் படித்து வைத்துக்கொண்டேன். கிளம்பியதும் கேட்கும் ‘தடக்’, சக்கரம் உள்ளே மடங்குவது. சற்று நேரத்தில் என்ஜின் ஓசை தணிந்தால், விமானி விசையைக் குறைக்கிறார் என்று அர்த்தம். குலுக்கல் குறைவாக இருக்கும் என்பதால் இறக்கைக்குப் பக்கத்து இருக்கை. இருந்தும் வங்கக் கடல் மேல் குலுங்கியபோது உள்ளங்கை நனைந்துவிட்டது. ஒலிபரப்பில் நேரம் சொல்வது மாதிரி வாய்க்குள் நிமிடங்களைச் சொல்லிக்கொண்டே, அம்மாவின் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாகக் கார். வழியெல்லாம் வயல். நாகையில் பெரிய துறைமுகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மீன்பிடிப் படகுகள், கலங்கரை விளக்கம், வலை காயும் வாசனை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் படகில் போய் ஏறுவார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவுக்கு நீச்சல் தெரியாது என்றார். அது எனக்குப் புதுச் செய்தி.

அங்கிருந்து நாகூர் பக்கம்தான். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. கடல் கடக்கிறவர்கள் மதம் பார்க்காமல் இங்கே வேண்டிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த ஊரிலும் நாகூர் ஆண்டவருக்கு நினைவிடம் எழுப்பினார்கள்: பினாங்கில் சூலியா தெருவில் ஒன்று, சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது ஒன்று. தெலுக் ஆயர் கட்டடத்தை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். இத்தனை பேர் பயந்துகொண்டேதான் வந்தார்கள் என்று அப்போது தோன்றியதில்லை.

திரும்பும் வழியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் டீ குடித்தோம். 2023இல் இங்கிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்ட கதையைக் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

“பினாங்குக்கு எப்போங்க விடுவாங்க?” என்றார் அம்மா.

“அதான் பிளேன் இருக்கேம்மா.”

“அதை இவன்கிட்ட சொல்லுங்க” என்று அம்மா என்னைக் கை காட்டினார்.