ஒன்பது வாசகமும் ஒரு பறையும்

திருவருகைக் காலம்னு ஐயர் சொல்லுவாரு. எங்க தெருவுல அப்படிச் சொன்னா பாதிப் பேருக்குப் புரியாது. 'கீத ஆராதனைக்கு இன்னும் எத்தன நாளு கெடக்கு?'ன்னுதான் கேப்பாங்க. டிசம்பர் பொறந்துட்டா பாடாலூர்ப் பக்கம் பருத்திக் காட்டுக்கும் கல் குவாரிக்கும் போயிட்டு வந்த பொம்பளைங்க, ராத்திரி சோத்தை ஆக்கி வச்சுட்டுப் பாட்டுப் படிக்க உக்காந்துருவாங்க. எழுத்துத் தெரிஞ்சவ ஒருத்தி வரி சொல்ல, மத்தவங்க பிடிச்சுக்குவாங்க. அப்படி மனப்பாடம் பண்ணின பாட்டு சாகுற வரைக்கும் மறக்காது.

இந்த ஆராதனை வந்த கதையைத் தெரிஞ்சுக்கறது நல்லது. 1880இல் இங்கிலாந்தில் ட்ரூரோ என்ற ஊரில் பேராலயம் கட்டி முடியவில்லை. ஒரு மரக் கொட்டகையில்தான் வழிபாடு. அங்கே பென்சன் என்ற பேராயர் கிறிஸ்துமசுக்கு முந்தின ராத்திரி ஒன்பது வேத வாசகம், நடுநடுவே பாட்டு என்று ஒரு முறையை ஏற்படுத்தினார். முதல் உலகப் போரில் படைக்குக் குருவாகப் போய்த் திரும்பிய மில்னர்-ஒயிட் என்பவர் 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் அதை எடுத்து நடத்தினார். 1928இல் வானொலியில் வந்தது. பிறகு உலகம் பூராவும் பரவி, திருவருகைக் காலத்துக்கும் ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அப்படித்தான் எங்களுக்கும் வந்து சேர்ந்தது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு சேதி. ட்ரூரோவில் முதல் வாசகத்தைப் படித்தவன் பாடகர் குழுவில் இருந்த ஒரு சின்னப் பையன். அவனிலிருந்து படிப்படியாக மேலே போய், கடைசி வாசகத்தைத்தான் பேராயர் படித்தார். கடைசியில் இருக்கிறவனுக்கு முதல் வாசகம். ஏற்பாடே அதுதான்.

நம்ம பக்கம் வந்ததும் அது எப்படி ஆச்சு? டவுன்ல நடக்குற கூட்டு ஆராதனைக்கு நாங்க வேன் பிடிச்சுப் போவோம். வாசகம் படிக்கறவங்க பேரு முன்னாடியே அச்சடிச்சுக் கெடக்கும். தலைமையாசிரியர், என்ஜினியர், நன்கொடை குடுத்த குடும்பம். ஒன்பது வாசகத்துல ஒண்ணு கூட கிராமத்துச் சபைக்கு வராது. எங்களுக்கு பெஞ்சு தூக்கிப் போடுற வேலை, பந்தி முடிஞ்சா எலை எடுக்குற வேலை. யாரும் வாயைத் தொறந்து சாதியைச் சொல்ல மாட்டாங்க. 'அவங்களுக்கு உச்சரிப்பு வராதுங்க'ம்பாங்க. அந்த ஒரு வார்த்தைக்குள்ள எல்லாம் அடக்கம்.

அன்னிக்கு வாசிக்கிற வேதமோ நேர் எதிராப் பேசுது. லூக்கா எழுதினதுல, மரியாள் என்ற ஏழைப் பெண் பாடுகிறாள்: ஆசனத்துல இருக்கிறவன் கீழே வருவான், தாழ்ந்து கெடக்கிறவன் மேலே போவான், பசிச்சவன் வயிறு நிறையும்னு. மீட்பர் பொறந்த சேதி முதல்ல போனது ராத்திரி வயக்காட்டுல ஆடு காத்தவங்களுக்கு. ஆட்டுக்காரன் கதையை ஆட்டுக்காரன் படிச்சா உச்சரிப்பு கெட்டுப்போகுமா?

பாட்டு சங்கதியும் அப்படித்தான். எங்க பொம்பளைங்க உருகி உருகிப் பாடுற கீர்த்தனைகள்ல பல, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றியது. பெரிய புலவர், சந்தேகமில்லை. ஆனால் எல்லாச் சாதியும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெற வேண்டும் என்று புதிதாக வந்த மிஷனரிகள் வற்புறுத்தியபோது, 1829 வாக்கில் அதைக் கொடுமை என்று எழுதி எதிர்த்தவரும் அவர்தான். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அறவே கூடாது என்று கடிதம் அனுப்பினார். 1835இல் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நேரிலேயே வந்தார். மேல்சாதிக் கிறிஸ்தவர்களில் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். சமமா உக்கார மாட்டேன்னவர் பாட்டை, உக்கார எடம் கெடைக்காத சனங்க நெஞ்சுல வச்சுக் காப்பாத்திட்டு வர்றாங்க. அந்தப் பாட்டை விடச் சொல்லி நான் கேக்கல. பாடுறவங்களுக்கு அதோட வரலாறும் தெரியணும்ங்கறேன்.

பறையைக் கோயிலுக்குள்ள கொண்டு வரலாம்னு எங்க தெருப் பையன்கள் ஒரு வருசம் கெளம்பினாங்க. மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை அண்ணன்னு எல்லாரும் கூப்பிட்டவரு, நாட்டுப்புற மெட்டுலயே வழிபாட்டு முறையை ஆக்கினவரு. அவர் பாட்டைக் கேட்டுத்தான் பையன்களுக்கு அந்தத் தைரியம். தெருவுல சண்டையே வந்துருச்சு. எங்க பெரியப்பா கத்தினாரு: 'எழவு வீட்டுல அடிச்சு அடிச்சுக் கை காச்சுப் போயி, இனி தொட மாட்டேன்னுதான்டா எங்கப்பன் வேதத்துக்கு வந்தான். நீங்க அதக் கோயிலுக்குள்ளயே தூக்கிட்டு வர்றீங்களா?' பையன்கள் சொன்னாங்க: 'அடிக்கச் சொன்னவன் ஒழியணும் பெரியப்பா. பறை என்னா பண்ணுச்சு?'

ரெண்டு பக்கமும் ஞாயம் இருந்துச்சு. கட்டாயத்துக்கு அடிச்சவன் கைக்கு அது விலங்கு. அந்தக் கட்டாயத்தைப் பாக்காத தலைமுறைக்கு அது இசை. பெரியப்பா கோவத்தைக் கேக்காம பறையைக் கொண்டாடறது, பெரியப்பா பட்ட பாட்டை அழிக்கறதுக்குச் சமம். கடைசியில அவரையே கேட்டாங்க: எந்தப் பாட்டுக்கு அடிக்கலாம், எதுக்குக் கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க. ரெண்டு நாள் பேசாம இருந்துட்டு, 'மேய்ப்பனுங்க ஓடிப் போற பாட்டுக்கு மட்டும் அடிங்கடா, சாவு அடி விழப்படாது'ன்னாரு. அவரேதான் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக் குடுத்தாரு.

அதிலேருந்து எங்க ஊருக் கீத ஆராதனை எங்க ஊருலயேதான். முதல் வாசகம் தெருவுல படிக்கற பிள்ளைங்கள்ல சின்னது. மரியாள் பாட்டு, குவாரியில ஜல்லி ஒடைக்குற என் சின்னம்மா. ஒன்பதாவது யோவான், அதுக்கு ஊருலயே மூத்தவளான அப்பாயி. எழுத்துத் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு மனப்பாடமாச் சொல்லும்.

திருவருகைன்னா காத்திருக்கறது. எங்களுக்கு இன்னொரு காத்திருப்பும் இருக்கு. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இல்லாதவனை அட்டவணைச் சாதியாக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியர்களையும், 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. ஒரே தெரு, ஒரே குவாரி. ஞானஸ்நானம் வாங்கினவன் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர். சாதி சொல்லி அடித்தால், 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவனுக்கு இல்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் கொடுக்கச் சொன்னது. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தார்கள்.

கோயிலுக்குள்ள வாசகம் கேட்டு வாங்க வேண்டியிருந்துச்சு. வெளியில உரிமை கேட்டு வாங்க வேண்டியிருக்கு. கையைக் கட்டிக்கிட்டுக் காத்திருந்தா ரெண்டும் வராது. எங்க சின்னம்மா அந்த மரியாள் பாட்டைப் படிக்கும்போது பாட்டாப் படிக்காது. மொதலாளிக்கிட்ட பாக்கிக் கூலி கேக்குற கொரல்லதான் படிக்கும்.