கண்ணீர் அஞ்சலியில் அடைபட்ட சுழிகள்

கொட்டாஞ்சேனைச் சுவர்களில் ஆகத் தடிப்பாக அச்சாகிற சொற்கள் 'கண்ணீர் அஞ்சலி'. தேர்தல் வந்தால்தான் அதுக்குப் போட்டி. அடுத்த முறை அந்தப் பதாகை ஒன்றை ஒருக்கா கிட்டப் போய்ப் பாருங்கோ. பலதில் 'ண்ணீ' சுழியெல்லாம் அடைபட்டு, மேல இருக்கிற புள்ளியும் எழுத்தோட ஒட்டி, கறுப்புக் கட்டியாத்தான் கிடக்கும்.

நாங்கள் நாலைந்து பேர் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு சின்னச் சின்ன நிகழ்ச்சிகளுக்குப் போஸ்டர் செய்கிற ஆக்கள். ஒவ்வொரு முறையும் தலைப்பில்தான் மாட்டுப்படுவோம். பழைய பத்திரிகைத் தலைப்பு மாதிரி கம்பீரமாக வேணும். ஆனால் கணினியில் தடிப்பாக்கினால் கட்டியாகிவிடும்.

ஆங்கிலத்தில் செரிஃப் என்றால் கோடு முடிகிற இடத்தில் வருகிற சின்னப் பாதம். தமிழ் எழுத்துக்கு அப்படியான பாதம் பெரும்பாலும் இல்லை. எங்களிடம் அந்தப் பெயரில் வருவது, கோடு ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் மெலிகிற பழைய அச்செழுத்து. அதன் அழகே அந்த ஏற்ற இறக்கம்தான்.

1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் கொழும்பில் தொடங்கியபோது எழுத்து ஈயத்தில் இருந்தது. ஈயத்தில் 'போல்ட்' பொத்தான் இல்லை. தடித்த தலைப்பு வேணுமெண்டால், அதற்கெனத் தனியாகச் செய்த எழுத்தைத்தான் எடுத்துக் கோக்க வேணும். மெல்லிய கோட்டை எவ்வளவு மெல்லிசாக விடுவது, சுழிக்குள் எவ்வளவு வெள்ளை வேணும், எழுத்தை எவ்வளவு அகலமாக்குவது என்பதையெல்லாம் எழுத்தை வரைந்தவர் முதலிலேயே யோசித்திருப்பார்.

இப்ப எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாவிட்டால், மென்பொருள் எல்லாக் கோட்டையும் ஒரே அளவில் ஊத வைக்கிறது. மெல்லிய கோடும் தடிக்கிறது, உள்வெள்ளை போகிறது. மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் தூரத்தில் ஒன்றாகிவிடும்.

சிங்களத்தில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். புஷ்பானந்த ஏக்கநாயக்க வடிவமைத்த எஃப்எம் அபய எழுத்துருவை, மூனியாக் குழுவினர் அபய லிப்ரே என்று 5 தடிப்புகளில் இலவசமாக வெளியிட்டார்கள். அதைப் பார்க்க எங்களுக்குச் சந்தோசமும் கொஞ்சம் பொறாமையும்.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் நாங்கள் அலுவலாகப் போன ஓர் அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம் தடித்து நின்றது, தமிழ் நூல் மாதிரிக் கீழே தொங்கியது. எழுத்துப்பிழை என்றால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். தடிப்புக் குறைந்ததற்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

'தமிழில் நல்ல எழுத்துரு இல்லை' என்ற சாட்டு இனி எடுபடாது. நோட்டோ செரிஃப் தமிழ் இலவசம். ஆக மெல்லியதில் இருந்து ஆகத் தடித்தது வரை 9 தடிப்புகளில் இருக்கு. இந்தத் தடிப்புகள் எழுத்துருவோடயே வருகின்றன, மென்பொருள் ஊதிப் பெருப்பித்ததில்லை.

அச்சகத்தில் "அண்ணை, இன்னும் கொஞ்சம் தடிப்பாப் போடுங்கோ" என்று சொல்லுறதுக்கு முதல், எந்த எழுத்துரு என்று கேளுங்கோ. ஒரு தாளில் அடித்துச் சுவரில் ஒட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வாசித்துப் பாருங்கோ. ஒருவர் செத்த செய்தியைத்தானே ஊருக்குச் சொல்லுறம். அவரின்ட பெயராவது வாசிக்கக்கூடியதா இருக்கட்டும்.