செங்காய் வெளியே, பழம் உள்ளே

ஊத்தங்கரை,
வைகாசி.

அன்புள்ள சுமதிக்கு,

அத்தை எழுதுவது.  

இந்த மாங்காய்ப் பெட்டியில் மேலடுக்கு செந்தூரா, கீழடுக்கு மல்கோவா. முக்கால்வாசி முற்றிய காய்தான், பழமில்லை. நான்தான் அப்படிப் பறிக்கச் சொன்னேன். வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் அடுக்கிவிடாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை வைக்கோலுக்கு மேலேயே வைத்திருக்கிறேன். வாங்குகிற பழத்தில் பாதி குப்பைக்குப் போகிறது என்று போனில் நீ சொன்னதிலிருந்து மனசே ஆறவில்லை. காசு போகிறதே என்று மட்டும் இல்லை, கண்ணு. தை மாதப் பூவிலிருந்து வைகாசி வரை மரத்தைக் காத்து நிற்கிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன் அல்லவா!

பறித்த பிறகும் பழத்துக்கு உயிர் உண்டு. மூச்சு விடுகிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையை எரித்துத்தான் அந்த மூச்சு. சூடு பத்து டிகிரி கூடினால் மூச்சின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். சென்னையின் மே மாத வெயிலில் சமையல்கட்டு மேடையில் வைத்த பழம் மளமளவென்று அழுகுவது அதனால்தான். குளிர்ச்சி அந்த மூச்சை மட்டுப்படுத்தும், சரிதான். ஆனால் பழுத்து முடியாத மாங்காய்க்கு 13 டிகிரிக்குக் கீழே போனால் ஆகாது. உன் ஃப்ரிட்ஜுக்குள் இருப்பதோ நாலைந்து டிகிரி. அதற்குள் போன காய் தோல் மங்கி, அங்கங்கே குழி விழுந்து, வெளியே எடுத்தாலும் வாசமில்லாமல் சப்பென்றுதான் இருக்கும். அதற்குப் பிறகு எத்தனை நாள் காத்திருந்தாலும் அது சரியாகப் பழுக்காது.

அதனால் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை, தரம் பிரிப்பது. நிறத்தை நம்பாதே. செந்தூரா காயாக இருக்கும்போதே கன்னம் சிவந்துவிடும். மல்கோவா பழுத்தாலும் பச்சை முழுதாகப் போகாது. காம்படியில் மூக்கை வைத்துப் பார். வாசம் வந்துவிட்டதா, காம்பைச் சுற்றி விரலால் மெல்ல அழுத்தினால் லேசாக விட்டுக்கொடுக்கிறதா, அதுதான் பழம். நடுவயிற்றில் அழுத்திப் பார்க்காதே, விரல் பட்ட இடம் மறுநாள் கன்றிப்போகும். பழத்தை ஃப்ரிட்ஜில் வை, நாலைந்து நாள் தாங்கும். இன்னும் பழுக்காத செங்காயைப் பழைய பேப்பரோ சாக்கோ விரித்து, வெயில் படாத, காற்றோடுகிற இடத்தில், காம்பு கீழே பார்க்க, ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்பி வை. தினம் காலையில் ஒருமுறை பார்த்து, பழுத்ததை மட்டும் உள்ளே மாற்று. அவசரமாக வேண்டுமென்றால் இரண்டு மூன்றை அரிசி டிரம்மில் புதைத்து மூடு. பழம் விடுகிற எத்திலீன் வாயுதான் அதைப் பழுக்க வைக்கிறது. மூடிய இடத்தில் அது வெளியேறாமல் தங்குவதால் பழுப்பதும் வேகமாகிவிடும்.

சில பழத்தில், பழுக்கும்போது தோலில் கறுப்புப் புள்ளி வந்து பரவும். அது உன் வீட்டில் வந்த நோயில்லை. மரத்தில் இருக்கும்போதே மழையில் ஒட்டிய பூஞ்சை, காய் பழுக்கும்வரை தோலுக்குள் தூங்கிக் கிடக்கும். பறித்த காயை 52 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் முக்கி எடுத்து ஆறவைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் தெர்மாமீட்டர் இல்லாமல் கைச்சூட்டுக் கணக்கில் செய்யாதே, தோல் வெந்துவிடும். புள்ளி கண்ட பழத்தை முதலில் அரிந்து சாப்பிட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

வாழை, சப்போட்டா, பப்பாளி, கொய்யா, சீத்தா எல்லாம் மாம்பழத்தின் கூட்டம்தான். பறித்த பிறகும் பழுக்கும், அதனால் காயாக ஃப்ரிட்ஜுக்குப் போகக்கூடாது. வாழையை மட்டும் பழுத்தாலும் வெளியிலேயே வை. உள்ளே வைத்தால் தோல் கறுக்கும். சதை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் குழந்தை தொடமாட்டாள். சீப்பாக வாங்கும்போது பச்சை கொஞ்சம், மஞ்சள் கொஞ்சமாகக் கேட்டு வாங்கு. கடைக்காரர் தருவார்.

திராட்சை, மாதுளை, சாத்துக்குடி, அன்னாசி வேறு ஜாதி. பறித்த அன்று இருந்த இனிப்புதான் கடைசிவரை. நீ காத்திருந்து பயனில்லை. திராட்சையும் மாதுளையும் வாங்கிய அன்றே உள்ளே போகலாம். மாதுளை வாரக்கணக்கில் கெடாது. திராட்சையைக் கழுவி வைக்காதே. மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதை மருந்து என்று நினைத்து நீ தேய்த்துக் கழுவுகிறாய். பெரும்பாலும் அது திராட்சையே தன் தோலில் பூசிக்கொள்ளும் மெழுகு, ஈரம் போகாமல் காப்பது. உதிர்ந்ததையும் வெடித்ததையும் பொறுக்கிவிட்டு, ஓட்டை போட்ட பையில் வை. சாப்பிடும்போது மட்டும் நன்றாகக் கழுவு. கம்பம் பன்னீர் திராட்சைக்கும் இதேதான். ஈரத்தோடு வைத்தால் சீக்கிரமே பூசணம் பிடிக்கும்.

கடையில் கட்டிக் கொடுக்கிற பிளாஸ்டிக் பையை அப்படியே உள்ளே தள்ளுகிறாயே, அதை விட்டுவிடு. முடிச்சுப் போட்ட பைக்குள் பழம் விடுகிற மூச்சே வியர்வையாகி அதையே அழுகவைக்கும். ஆப்பிளைக் கீரையோடும் கேரட்டோடும் ஒரே டிரேயில் போடாதே. ஆப்பிள் விடுகிற எத்திலீனில் கீரை மஞ்சளடிக்கும், கேரட் கசந்துபோகும்.

பழுக்கும்வரை பொறுமையில்லையென்று மஞ்சளாக மினுக்கும் மாம்பழத்தைத் தள்ளுவண்டியில் வாங்காதே, கண்ணு. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும். எத்திலீன் வாயுவில் பழுக்க வைக்க 2016-இல் அனுமதி கொடுத்தார்கள், அது வேறு. காம்பைச் சுற்றிப் பச்சை வாடையோடு, உள்ளே புளிப்பாக, மேலே மட்டும் ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் வைத்துவிட்டு வா.

ஒரே நாளில் பத்து பழுத்துவிட்டால் பதறாதே. தோல் சீவி, சதையை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, சின்னச் சின்ன டப்பாவில் ஒரு வேளைக்கு வேண்டிய அளவு போட்டு ஃப்ரீசரில் வை. மாதக்கணக்கில் தாங்கும். குழந்தைக்குப் புரட்டாசியிலும் மாம்பழச் சாறு கொடுக்கலாம்.

அடுத்து நீலம் மாங்காய் வரும். அதற்கும் பெட்டி போட்டு அனுப்புகிறேன். செங்காயாக வேண்டுமா, பழமாகவா, மாப்பிள்ளை ஆபீசுக்கும் சேர்த்து எவ்வளவு வேண்டும் என்று பறிப்புக்கு முன்னால் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
அத்தை