தலைக்குப் பதிலாக நசுங்கும் தெர்மாகோல்

பல வருஷம் முன்னாடி ஒரு நைட் டூட்டி. பைக்கில் போய் விழுந்த ஒரு தம்பியை கேஷுவாலிட்டிக்குக் கொண்டு வந்தாங்க. காறை எலும்பு முறிவு. தலை சிடி ஸ்கேன் நார்மல். டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவரோட அம்மா கையில் அந்த ஹெல்மெட் இருந்தது. வெளியே ரெண்டு கீறல், அவ்வளவுதான்.

"இதுதாம்மா உங்க பையனைக் காப்பாத்துச்சு. தினமும் இதையே போட்டுட்டுப் போகச் சொல்லுங்க"ன்னேன்.

முதல் வரி சரி. ரெண்டாவது வரி தப்பு. அதை எனக்குப் புரியவெச்சது மருத்துவப் புத்தகம் இல்லீங்க, பின்னாடி பார்த்த ஒரு கம்ப்யூட்டர் சிமுலேஷன்.

அது எப்படி வேலை செய்யுது? ஹெல்மெட், மண்டை ஓடு, மூளை எல்லாத்தையும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிச்சுக்குவாங்க, லட்சக்கணக்கில். எந்தப் பொருள் எவ்வளவு அழுத்தினா நசுங்கும், எப்போ உடையும்னு சோதனையில் அளந்த எண்களைக் கொடுப்பாங்க. அப்புறம் மோதவிட்டு, நொடியை பத்து லட்சமா கூறு போட்டு, ஒவ்வொரு கூறிலும் எந்தத் துண்டு எதைத் தள்ளுதுன்னு கணக்குப் போடும். மோதல் முடிய சுமார் 10 மில்லிநொடி. நீங்க கண் இமைக்கவே அதைப்போல பத்து மடங்கு நேரம் ஆகும்!

இதுக்கு முன்னோடியான டைனா3டி மென்பொருளை 1976-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஹால்க்விஸ்ட் எழுதினார். எதுக்குன்னு நினைக்கிறீங்க? அணுகுண்டு தரையில் மோதினா என்ன ஆகும்னு பார்க்க. அதிலிருந்து வளர்ந்த எல்எஸ்-டைனா, இன்னைக்கு நம்ம தலையைக் காப்பாத்தவும் பயன்படுது.

நான் பார்த்த சிமுலேஷன்ல வெளி ஓடு வளைஞ்சு, திரும்ப நிமிர்ந்துடுச்சு. உள்ளே இருந்த தெர்மாகோல் நசுங்கினது நசுங்கினதுதான்.

அந்த நசுங்கல்தான் உயிர். ஒரு சின்னக் கணக்கு: தலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுதுன்னு வெச்சுக்குவோம். தெர்மாகோல் 2 சென்டிமீட்டர் நசுங்கி நிறுத்தினா, தலைக்கு வரும் முடுக்கம் சராசரியா புவியீர்ப்பைப் போல 75 மடங்கு. வெறுமனே 2 மில்லிமீட்டரில் நின்னா? 750 மடங்கு.

ஒருமுறை நசுங்கின இடத்துல, அடுத்த அடிக்கு நசுங்க மிச்சம் ஒண்ணும் இருக்காது. வெளியே பளபளன்னு இருக்கும். உள்ளே வேலை முடிஞ்சிருக்கும்.

அந்த அம்மாவைத் தேடிப் பிடிச்சு இதைச் சொல்ல எனக்கு வழியில்லை. அதான் உங்ககிட்ட சொல்றேன்.

விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை, கீறலே இல்லாட்டியும் மாத்திடுங்க. தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுத்துடாதீங்க. செகண்ட் ஹேண்டில் வாங்காதீங்க. புதுசுல ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, வார் மாட்டுங்க. வார் மாட்டலைன்னா மோதும்போது ஹெல்மெட் ஒருபக்கம், தலை ஒருபக்கம்.

உங்க வீட்டுப் பரண்ல அப்படி ஒரு ஹெல்மெட் இருக்கா? இன்னைக்கே வாரை அறுத்துட்டு குப்பையில போடுங்க. அறுக்காம போட்டா வேற யாராவது எடுத்து மாட்டிக்குவாங்க.