செங்கல்லில்லாக் கோயில்

ரோமாபுரிக்குப் பிரயாணம் போகிறவர்கள் கொலோசியத்தைப் பாராமல் திரும்புவதில்லை. நாமும் நீண்ட வரிசையில் நின்று பார்த்தோம். கி.பி. 80-ல் திறக்கப்பெற்ற அந்த மாபெரும் அரங்கத்தின் சுவர்களெங்கும் அம்மை வடுக்களைப் போலப் பள்ளங்கள். கல்லோடு கல்லைப் பிணைத்திருந்த இரும்பைப் பிற்காலத்து ஜனங்கள் தோண்டி எடுத்ததன் அடையாளம் அவை. சரிந்து விழுந்த கற்களோ வேறு கட்டடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஊர் திரும்பிய பின் ஒரு நாள் மண்டகப்பட்டுக்குச் சென்றோம். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில், சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது இச்சிற்றூர். இங்கே வரிசை ஏதுமில்லை. நம்மையன்றி மனிதரே இல்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து அமைத்த ஆலயம் அமைதியாக நிற்கிறது. பல்லவர் குடைவரைகளுள் இதுவே முந்தியதென்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

முகப்பிலே கனத்த தூண்கள். மேலும் கீழும் சதுரம், இடையில் எண்பட்டை. வேறு அலங்காரமில்லை. இரு கோடியிலும் துவாரபாலகர் இருவர், பருத்த தடியை ஊன்றிக்கொண்டு, வந்தவர் யாரென்று விசாரிப்பவர்போல் நிற்கின்றனர். அவர்கள் காவல் புரியும் மூன்று கருவறைகளும் இன்று வெறுமையாயிருக்கின்றன.

அங்குள்ள கிரந்த எழுத்துச் சாஸனமே இவ்விடத்தின் உயிர். பிரமன், ஈசுவரன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் இதனை அமைத்தான் என்று வடமொழியில் அது கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. கோயில் கட்டிய அரசர்கள் பொன்னும் மணியும் கொடுத்ததைச் சொல்லிக்கொள்வதே வழக்கம். இவனோ தான் எவற்றைச் சேர்க்கவில்லை என்பதைச் சொல்லுகிறான்: செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை! மத்தவிலாஸப் பிரஹஸனம் என்னும் நகைச்சுவை நாடகம் எழுதியவனல்லவா? அவன் கண்களில் அப்போது ஒரு குறும்பு மின்னியிருக்கத்தான் வேண்டும். உளி மட்டும் இரும்பில்லையா என்று நம்முடன் வந்த நண்பர் கேட்டார். மகேந்திரன் இருந்தால் அந்தக் கேள்வியையும் ரசித்திருப்பான்.

அவனுக்கு முன் தமிழகத்தில் எழுந்த கோயில்கள் பெரும்பாலும் மரத்தாலும் செங்கல்லாலும் ஆனவை. மரத்தைக் கறையான் தின்றது; செங்கல்லைப் பெயர்த்து வீடு கட்டலாம். மண்டகப்பட்டிலே பெயர்த்தெடுக்க ஒரு செங்கல்லுமில்லை. தோண்டி எடுக்க இரும்புமில்லை. மூவர் திருவுருவங்களும் இல்லாது போனபின்பும் வீடு மட்டும் கட்டுக் குலையாமலிருக்கிறது.

ரோமாபுரி வரை போய் வந்த நமக்கு, விழுப்புரத்திலிருந்து இங்கு வர இத்தனை வருஷங்கள் ஆயிற்றே என்ற வெட்கம் உண்டாயிற்று. மகேந்திரன் குடைவித்த மற்றோர் ஆலயம் தளவானூரிலும் இருக்கிறது. வெயில் சாய்வதற்குள் அதையும் பார்த்துவிட வேண்டுமென்று புறப்பட்டோம்.