தொப்பூர் ஏற்றமும் ஒரு ரப்பர் குழாயும்

லாரியின் உஷ்ணமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். 2024-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில், தொப்பூர் கணவாயில், அணைப்பதற்காக நீண்ட என் கையை அப்பா தட்டிவிட்டார்.

"அணைச்சா பம்பு நின்னு போகும். தண்ணி ஓடாம உள்ளேயே கொதிக்கும். சும்மா ஓடட்டும், விடு."

தண்ணீர் முழுதும் ஒழுகிப் போயிருந்தால்தான் அணைத்தே ஆக வேண்டுமாம். வண்டியை ஓரம் கட்டி, கியரை எடுத்துவிட்டு மெதுவாக ஓடவிட்டார். ஐந்தாறு நிமிடத்தில் முள் தானாகவே இறங்கியது. அது எவ்வளவு பெரிய தடயம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் வண்டிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே தேவையில்லை. அந்த வயதில் எல்லா வண்டியும் ஒன்றுதான். சங்ககிரியில் சிமெண்டு ஏற்றிக்கொண்டு ஓசூருக்கோ பெங்களூருக்கோ போகும். சேலம், ஓமலூர் தாண்டும் வரை முள் நடுவில் நிற்கும். தொப்பூரில் ஏற்றம் தொடங்கி, அப்பா கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏற ஆரம்பித்துவிடும்.

பட்டறை மிஸ்திரி, "ஹெட் கேஸ்கட் போயிருக்கும்ணா, ஹெட்டை இறக்கிப் பார்த்திடலாம்" என்றார். இறக்கினால் இருபதாயிரத்துக்குக் குறையாது. அந்த மாதத் தவணையே இன்னும் கட்டவில்லை. எஞ்சின் ஆறியிருந்தபோது அப்பா ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து வண்டியை ஓட்டிக் காட்டினார். கேஸ்கட் விட்டிருந்தால் சிலிண்டரின் வாயு தண்ணீரில் புகுந்து குமிழி குமிழியாக வரும். வரவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தோம். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் பால்காப்பி நிறத்துக்கு மாறியிருக்கும். அதுவும் இல்லை. "சிலது லோடில்தான் காட்டும்" என்றார் மிஸ்திரி. அவர் சொன்னதிலும் பிழையில்லை.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். முதலாண்டுச் செய்முறை வகுப்பில் இ.டி.டி.ஏ. கரைசலைக் கொண்டு நீரின் கடினத்தன்மையை அளந்தவன் அல்லவா! எங்கள் ஊர் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூடாகும்போது சிதைந்து, கரையாத கார்பனேட்டாகப் படிகிறது. அதே தண்ணீரைத்தான் ரேடியேட்டரிலும் ஊற்றி வந்தோம். ஆகவே ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொண்டன என்று விளக்கினேன். அப்பா கைகட்டி நின்று கேட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவர். மிஸ்திரியிடம் திரும்பி, "படிச்சவன் சொல்றான், கேட்போம்" என்றார்.

ரேடியேட்டரைக் கழற்றிச் சேலத்துக்கு அனுப்பினோம். மேல்தொட்டியைப் பிரித்து, குழாய் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து தந்தார்கள். செலவு 3,500 ரூபாய். இரண்டு நாள் லோடு இல்லை. உதிர்ந்த வெள்ளைக் காரையை உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

அடுத்த லோடில், அதே தொப்பூரில், அதே வளைவில் முள் மறுபடியும் சிவப்புக்குப் போயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. காரை இருந்தது உண்மைதான். ஆனால் கோளாறு அதனால் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பயந்து பயந்து வேலை செய்தேன். தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றார் மிஸ்திரி. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவின் குழம்புச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, அடியில் படாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பை மூட்டினேன். பக்கத்தில் ஒரு வெப்பமானி. எண்பது டிகிரி தாண்டியதும் வால்வு மெல்லத் திறந்தது. உள்ளேயிருக்கும் மெழுகு உருகி விரிந்து அதைத் தள்ளுகிறது. பழுதில்லை. (அந்தச் சட்டியை அம்மா பிறகு குழம்புக்கு எடுக்கவேயில்லை.) பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம். தளர்வில்லை.

மூன்றாம் முறை தொப்பூரில் நின்றபோது பானெட்டைத் தூக்கினேன். மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்துகொண்டிருந்தது. திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். பதிலுக்கு அப்பா சட்டைக் கையை மேலே தள்ளி, முழங்கையருகே இருந்த பழைய வெந்த தழும்பைக் காட்டினார். வேறொரு வண்டியில் வாங்கியது. மூடி இறுக்கமாக இருந்து உள்ளே அரை வளிமண்டல அழுத்தம் கூடினால், நீர் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, அவ்வளவு நீரும் பொங்கி மேலே பாயும்.

"நீ தள்ளி நின்னு பார்த்துக்கிட்டே இரு. நான் மிதிக்கிறேன்" என்று அப்பா இருக்கையில் ஏறினார். எஞ்சின் உறுமியது. ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாய், இளநீர் தீர்ந்த பிறகும் உறிஞ்சினால் குழல் ஒட்டிக்கொள்ளுமே, அதுபோல நடுவில் ஒட்டிச் சப்பையாயிற்று. "விடுங்கப்பா!" என்று கத்தினேன். காலை எடுத்தார், குழாய் உருண்டையாயிற்று. "மறுபடி!" மிதித்தார், மறுபடியும் சப்பை.

பம்பு வேகமாகச் சுற்றும்போது அந்தக் குழாயில் உறிஞ்சல் அதிகம். குழாய் ஒட்டாதிருக்க உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். பட்டறையில் கழற்றிப் பார்த்தபோது சுருளுக்குப் பதில் ஒரு பிடி துருதான் கொட்டியது. மூடியின் ரப்பர் வாஷரும் நைந்திருந்ததால், குழாயை உள்ளிருந்து தாங்கும் அழுத்தமும் நிற்கவில்லை. ஆறிய நிலையில் ரப்பர் விறைப்பாக இருந்ததால், பட்டறையில் எத்தனை முறை மிதித்தும் தெரியாமல் போயிற்று. மெதுவாக ஓடவிட்டால் முள் இறங்கிய காரணமும் இதுவே. முதல் நாளே அதை யோசித்திருந்தால் ரேடியேட்டர் செலவு மிஞ்சியிருக்கும்.

குழாய், சுருள், மூடி மூன்றுக்கும் ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. வெறும் தண்ணீரை நிறுத்தி, துருப்பிடிக்காமல் காக்கும் கூலண்டைக் கலந்து ஊற்றினோம்.

அடுத்த லோடில் தொப்பூர் ஏறி முடியும் வரை நான் ரோட்டையே பார்க்கவில்லை. முள் நடுவை விட்டு ஒரு விரற்கடை நகர்ந்தது, அவ்வளவுதான். தருமபுரி தாண்டி டீக்கடையில் நிறுத்தினோம். பக்கத்து வண்டிக்காரரிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "பையன்தாங்க பார்த்துக் கண்டுபிடிச்சான். பி.எஸ்ஸி. படிக்கிறான்." ரேடியேட்டரைக் கழற்றிய கதையை அவர் சொல்லவில்லை. நான் டீ கிளாசைக் கழுவும் சாக்கில் எழுந்து போனேன்.