சும்மா நிற்பது

கல்லூரி விடுமுறைகளில் கேமராவோடு தனியே நடக்கிறேன்; வழி என் விருப்பம். தேனி நேரு சிலைப் பக்கம் பத்து நிமிடம் நின்றால் போதும், "யாருக்கும்மா காத்திருக்கீக?" என்று யாராவது கேட்டுவிடுவார். மதுரை, பெரியகுளம், கம்பம் சாலைகள் கூடும் அந்த இடத்தில் டீ கிளாஸோடு மணிக்கணக்காக நிற்கும் ஆண்களை ஒருவரும் கேட்பதில்லை. நமக்குத் தெரு என்பது கடந்துபோக மட்டும். கேமரா இருந்தாலும் அப்படித்தான். நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்களே கணவர் பெயரில்தான் அச்சாயின.

போன விடுமுறையில் கம்பத்தில் நடந்தேன். விடியுமுன்பே ஏலத்தோட்டத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கேரள மலைக்குக் கிளம்பும். மடியில் தூக்குவாளி, ஒருவர்மேல் ஒருவராக நெருக்கம். கேமராவைத் தூக்கினேன். உள்ளிருந்து என் மாணவியின் அம்மா: "இப்படியேவா பிடிக்கப் போறீக டீச்சர்? இறங்கி நிக்கிறோம், இருங்க."

ஆளறியாமல் எடுப்பதே தெருப் புகைப்படத்தின் இலக்கணம் என்பார்கள். பார்க்கப்படுவதையே பிழைப்பெல்லாம் சமாளிக்கும் பெண்களிடம் அந்த இலக்கணத்தை நான் எப்படிப் பேச? டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவர்கள் தலைத்துண்டை அவிழ்த்து முந்தானையைச் சரிசெய்து, சாலையை அடைத்து, அவசரமில்லாமல் நின்றார்கள்.